நுனி கிழிந்த வெற்றிலையும் இரண்டு ஜெர்மன்காரர்களும்

கொலுவுக்கு வருகிற பெண்களுக்குத் தாம்பூலம் எடுத்து வைக்கும்போது வெற்றிலையின் நுனி பார்த்து வைக்க வேண்டும். நுனி கிழிந்த வெற்றிலையைச் சுமங்கலிக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எட்டு வருடமாக நானும் நுனி பார்த்துத்தான் வைத்தேன். எல்லோருக்கும் நல்ல நுனி. எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும், வெற்றிலைக் கட்டுக்குள் இருப்பதிலேயே கிழிந்ததாகத் தேடி இரண்டு. கிழிந்தது கிடைக்காத வருடம் என் நகத்தால் நானே கிள்ளி வைத்தேன். அதன் மேல் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துச் சிரித்த முகத்தோடு நீட்டுவேன். அவளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போவாள்.

சாமி கும்பிடுகிற வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். சாமி கும்பிட்டுக்கொண்டேதான் செய்தேன்.

இந்த மராத்தி ஊரில், கோர்படி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது மாடியில் எங்கள் கதவும் அவள் கதவும் நேருக்கு நேர். எங்களுக்குத் திருநெல்வேலி, அவளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அவள் புருஷனுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. வெளியே இறங்கினால் இந்தியும் மராத்தியுமாக இருக்கிற ஊரில், எதிர்வாசலில் நம் பேச்சுப் பேசுகிற ஒருத்தி கிடைத்தால் அதுவே பெரிய வரம் இல்லையா. பதினைந்து வருடம் அப்படித்தான் இருந்தோம். என் வீட்டுக் குக்கர் விசிலை அவள் எண்ணுவாள், அவள் வீட்டுப் பால் பொங்குகிற வாசனையை நான் பிடிப்பேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கும் அக்காதான்.

எங்களுக்கு ஒரே மகள். பதினான்கு வயதில் அவள் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். ஒட்டாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். வருடக் கணக்கில் அது அந்த அளவோடு நின்றுவிட்டது. ரவிக்கைக்குள் மறைந்துவிடும். வீட்டில் மூன்று பேருக்கும் முருகனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அவளுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு நல்ல இடம் வந்தது. இங்கே ஆகுர்டியில் வண்டிக் கம்பெனியில் என்ஜினியர், நம்ம ஊர்ப் பையன். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பூ முடிக்க ஒரு சுமங்கலி வேண்டுமே. வேறு யாரைக் கூப்பிடுவேன். எதிர்வீட்டுக்காரியைத்தான் கூப்பிட்டேன். புது ரவிக்கைக்குப் பின்பக்கம் கொக்கி. மகளுக்குக் கை எட்டவில்லை. நான் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். கொக்கியை மாட்டிவிட்டது அவள்தான். மாட்டிவிட்டு வெளியே வந்து, "பொண்ணு மகாலட்சுமி கணக்கா இருக்காக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

பையன் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் பூ வைக்க வருவதாகச் சொன்னார்கள். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூ வைப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி யாராவது ஒரு அத்தையோ சித்தியோ வந்து கதவைத் தட்டுவாள். வெளியூரில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் சொந்தபந்தம் இல்லாத இடத்தில் எதிர்வீடுதான் சாட்சி. அப்படி ஒரு அத்தை வந்து எதிர்வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஜாதகத்தில் ஏதோ சின்ன இடைஞ்சல் என்றார்கள்.

உண்மைக் காரணம் கோயிலில் குருக்கள் வீட்டு அம்மா மூலமாக ஒரு மாதம் கழித்து என் காதுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரி அந்த அத்தையிடம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இது: "பொண்ணு தங்கம். முதுகுல மட்டும் வெள்ளையா இருக்கு. பரவுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேட்டுட்டிய, நான் பொய் சொல்ல மாட்டேன்."

நான் அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் கோபம் தீர்ந்துபோகும். எனக்குத் தீர வேண்டாம். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் கோயிலுக்குப் போய், எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்து, மூடியைத் திருப்பி நெய் ஊற்றி, துர்க்கைக்கு விளக்குப் போட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு விளக்கு, பிள்ளைக்கு நேர்ச்சை. முருகன் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். அவள் தலை என் வாசலில் குனியணும். குனிஞ்சா உனக்குப் பால்குடம் எடுக்கேன்.

மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு இடம் வந்தது, இரண்டையும் அவளே வேண்டாம் என்றாள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஜெர்மன் படிக்கப் போனாள். இந்த ஊரில் அது ஒரு பைத்தியம், முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போகத்தான் படிக்கின்றன. இவள் போகிறதற்குப் படிக்கவில்லை. தத்துவத்தில் எம்.ஏ. சேர்ந்தாள். இப்போது முப்பத்து மூன்று வயது. எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவள் ஆபீஸ். காலையில் கம்ப்யூட்டரில் நர்சுகளுக்கும் என்ஜினியர்களுக்கும் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறாள். மதியம் யாராவது சர்டிபிகேட் கொண்டுவந்தால் ஜெர்மனில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுக்கிறாள். மிச்ச நேரம் புத்தகம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அதுவே நல்லதாகப் போயிற்று. பெரிய வார்த்தை அவளுக்குத் தமிழில் தெரியாததால், அந்தப் புத்தகங்களை எழுதின ஜெர்மன்காரர்கள் சொன்னதையெல்லாம் கரண்டி, ஏணி, நாய், எலும்பு என்று சின்ன வார்த்தையில்தான் எனக்குச் சொல்லுவாள். எனக்கும் புரிந்துவிடும்.

முதல் ஜெர்மன்காரர் இருநூறு வருடத்துக்கு முந்தியவர். கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம். ஒரே ஊரில் இருந்து அங்கேயே செத்துப்போனாராம்.

"எதுத்த வீட்டோட கொடுக்கல் வாங்கல் இல்லாத மனுசன். நியாயம் சொல்ல என்ன கஷ்டம்" என்றேன்.

"அரே, கேளும்மா. ஒரு காரியம் பண்றதுக்கு முன்னாடி நீ உன்னையே கேக்கணும். இதை நான் மட்டும் இல்ல, எல்லாரும் பண்ணலாம்னு சட்டம் போட்டா ஓகேவான்னு. ஓகே இல்லேன்னா நீயும் பண்ணக் கூடாது."

இதில் எனக்கு ஒன்றும் சங்கடம் இல்லை. தனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுதான். விடுதலை என்பதற்கு அவர் சொன்னதும் பிடித்திருந்தது. நினைத்ததைச் செய்வது விடுதலை இல்லையாம். எலும்பைக் கண்டால் ஓடுகிற நாய் எலும்புக்கு அடிமை. தனக்குத் தானே சட்டம் போட்டு, அதற்குத் தானே கட்டுப்பட்டு நிற்கிறவன்தான் சுதந்திரமானவன். "இதைத்தான கார்த்திகை விரதம்னு நான் இருக்கேன். யாரு சொல்லி இருக்கேன்? பசிக்கும், சோறும் இருக்கும், திங்க மாட்டேன்" என்றேன். மகள் "கரெக்ட்மா" என்றாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அந்த மனுஷர் பொய்யே கூடாது என்கிறாராம். உன் சிநேகிதி உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள், கொலைகாரன் வாசலில் வந்து உள்ளே இருக்கிறாளா என்று கேட்கிறான், அப்போதும் பொய் சொல்லக் கூடாதாம்.

அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டேன். "அப்போ எதுத்த வீட்டுக்காரி செஞ்சது சரியா?"

மகள் ஒரு வெண்டைக்காயை எடுத்து உருட்டினாள்.

"சொல்லுட்டி. பொய் சொல்ல மாட்டேன்னுதான அவளும் சொன்னா. ஒன் ஜெர்மன்காரரு அவளுக்கு மாலை போடுவாரா?"

"அவர் வேற ஒண்ணும் கேப்பாரும்மா. எதுக்காகச் சொன்னா? சொல்லணும்கிற கடமைக்காகச் சொன்னாளா, இல்ல வயித்தெரிச்சல்ல சொன்னாளா? சொன்னது உண்மைதான். ஆனா மனசு சரியில்லேன்னா அதுக்கு மதிப்பு கிடையாது. ஜீரோ."

"பொறாமைதான். அவ மகளுக்கு அப்ப இருபது வயசு. என் மகளுக்கு என்ஜினியர் வந்துட்டான்னு பொறாமை."

"அது எப்படித் தெரியும்? நீ அவ மனசுக்குள்ள போய்ப் பாத்தியா? நம்ம மனசோட அடியையே நம்மால முழுசாப் பாக்க முடியாதுன்னு அவரே சொல்றாரு."

அன்று வெண்டைக்காய்ப் பொரியலில் உப்புப் போட மறந்தேன்.

இரண்டாவது ஜெர்மன்காரர் பெரிய மீசைக்காரர். புத்தக அட்டையில் படம் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒரு டிக்கெட் பரிசோதகர் மாதிரியே இருந்தார். சாமி இல்லை என்று சொன்னவராம், அதனால் பூஜை அறைப் பக்கம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவராதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை மகள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள். பலசாலிக்குக் கோபம் வந்தால் அடித்துவிடுவான், இல்லையென்றால் மறந்துவிடுவான். இரண்டுக்கும் முடியாதவன்தான் அதை உள்ளே ஊறப்போட்டு, அதற்குப் பொறுமை, நல்ல குணம், பக்தி என்றெல்லாம் பெயர் வைத்துக்கொள்வான். அவன் கும்பிடுகிற சொர்க்கத்தில்கூட, மேலே இருந்து எதிரி எரிவதைப் பார்க்க ஒரு இடம் கேட்பான்.

சப்பாத்தி கல்லில் கருகியது. நான் திருப்பவில்லை.

"இந்த மனுசன் என்னை எங்கட்டி பாத்தாரு?" என்றேன்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எலுமிச்சை பிழியும்போது அந்த மீசை கண் முன்னால் வந்து நின்றது. விளக்கைப் போடாமல் வரவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டு வந்தேன். நான் பலசாலி இல்லைதான். அதனால் அவள் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

போன தை மாதம் ஒரு நாள் கோயிலில் இருந்து திரும்பி வந்தேன். மகள் வகுப்பு முடிந்து குளிக்கப் போயிருந்தாள். மேசையில் ஒரு கோர்ட்டுத் தாள். இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் காய்கறி வாங்கி, பஸ் போர்டு பார்த்து, மராத்தி வாசிக்கப் பழகியவள் நான். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் இருந்தது. கூடவே ஒரு மராத்திப் பையன் பெயர். இருவர் சம்மதத்தோடும் விவாகரத்து என்று இருந்தது.

அந்தப் பெண் இரண்டு வருடத்துக்கு முன்னால் எட்டு மாதம் வீட்டில் இல்லை. பெங்களூரில் ப்ராஜெக்ட் என்று அவள் அம்மா மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ப்ராஜெக்ட் இதுதான். இப்போது ஜெர்மனியில் வேலைக்கு முயற்சி செய்கிறாள் போலிருக்கிறது, அதற்குத் தாளை மொழிபெயர்க்க என் மகளிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

முருகா என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது. என் எலுமிச்சம்பழங்கள் ஒன்றுகூட வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

மகள் ஈரத் தலையோடு வந்து நின்றாள். என் கையில் தாள்.

"நீ இதைப் பாக்கல" என்றாள்.

"பாத்துட்டேனே."

"அம்மா. ஜனங்க என்னை நம்பித்தான் பேப்பர் குடுக்கறாங்க. அவ என்னை நம்பிக் குடுத்தா. இது வெளிய போச்சுன்னா என் வேலை போச்சு. என் வார்த்தை போச்சு. நீ பாக்கல. பஸ், அவ்வளவுதான்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

மாசி பிறந்ததும் கட்டடத்தில் பேச்சு அடிபட்டது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், விமான் நகரில் வீடு. பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ், பிடித்துப்போய்ப் பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை பூ வைக்க நாள் குறித்திருக்கிறார்கள்.

பூ வைக்கிறதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்கும் தெரியும்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். எட்டு வருடத்தில் கொலுவுக்குத் தவிர அவள் என் வாசலை மிதித்ததில்லை. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, மூடியில் ஈரம் வேர்த்திருந்தது. சூடான அதிரசம்.

"உள்ள வரலாமாக்கா?"

"வா."

அவள் உட்காரவில்லை. "ஒங்க மககிட்ட எம்மக ஒரு பேப்பர் குடுத்திருக்கா போல. எனக்கு நேத்துத்தான் சொன்னா."

நான் டப்பாவையே பார்த்தேன்.

"பையனுக்கு எல்லாம் தெரியும்க்கா. முத நாளே சொல்லிட்டாளாம். பெரியவங்களுக்குத்தான் தெரியாது. அவிய பழைய காலத்து ஆட்கள். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கிடலாம்னு இருக்கோம். விசாரிக்க வந்தா ஒங்ககிட்டத்தான் வருவாவ. ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா போதும்."

"நீ அன்னைக்கு என்ன சொன்ன?"

அவள் முகம் மாறியது. இத்தனை வருடமாக அதை நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"சொல்லு. ஆகுர்டிக்காரவ வந்து கேட்டப்ப என்ன சொன்ன?"

"அக்கா, நான் பொய்யாச் சொல்லலியே. இருக்கிறதத்தான சொன்னேன்."

"இருக்கிறதத்தான். நீ போட்ட சட்டம் அது. விசாரிக்க வந்தா இருக்கிறதச் சொல்லணும்னு. எம்மகளுக்கு மட்டுமா போட்ட? ஊருக்குத்தான போட்ட. ஒம்மக ஊருல இல்லையா?"

முதல் ஜெர்மன்காரர் அப்போது என் பக்கம் நின்றார். சத்தியமாக நின்றார். அவர் சொன்னதை நான் அவள் மேல் கல் மாதிரி எறிந்தேன், அது பட்ட இடமும் பார்த்தேன்.

அவள் குனிந்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, என் வாசல் நடையிலேயே குனிந்து, என் காலைத் தொட வந்தாள். "அக்கா, தப்புத்தான். எனக்கு அன்னைக்கு என்னமோ ஆச்சு. என் புத்தி அப்படிப் போச்சு. எம்பிள்ளையச் சபிச்சிராதிய."

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. அவளைத் தூக்கவும் இல்லை. அந்தத் தலையின் வகிட்டையும், வகிட்டில் நரைத்த முடியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு வருடமாக நான் கேட்டது இதுதான். இரண்டாவது ஜெர்மன்காரர் சொன்ன சொர்க்கத்து இடம் இதுதான் போலும். அங்கே நின்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

"போ. வாரவகளுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவள் எழுந்து போனாள். அதிரசம் அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் புறாவுக்குப் போட்டேன்.

மகள் உள் அறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"சொல்லப்போறியா?" என்றாள்.

"உண்மையச் சொல்லப்போறேன். ஒன் ஆளுதான உண்மையச் சொல்லணும்னாரு."

"அவர் இன்னொண்ணும் சொன்னாரு. மனுஷனைக் கரண்டி மாதிரி யூஸ் பண்ணாதேன்னு. அந்தப் பொண்ணு உன்னை என்ன பண்ணா? அவ அம்மாவ அடிக்க அவ உனக்கு ஒரு குச்சி."

"ஒன்னை அப்படித்தான செஞ்சாவ."

"எட்டு வருஷமா நீ பண்றியே."

எனக்குப் புரியவில்லை.

"என் முதுகும்மா. அது என் முதுகு. நீ அதை வச்சுச் சண்டை போடற. விளக்குப் போடற, வெத்தலை கிழிக்கற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஒரு நாளாவது என்னைக் கேட்டியா, உனக்குக் கோவமான்னு?"

"கோவம் இல்லையா ஒனக்கு?"

"இருந்துச்சு. அவ மேல இல்ல. பையன் வந்த அன்னைக்கு நானே சொல்லிடறேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? மாடியில அவரோட பத்து நிமிஷம் பேச விட்டாங்க. நான் சொல்லப்போறேன்னு உன்கிட்ட வந்து கேட்டேன். நீ என்ன சொன்ன?"

ஞாபகம் இருந்தது. வாயை மூடிக்கிட்டு இரு, பூ வைத்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னேன். சற்றுமுன் எதிர்வீட்டுக்காரி என் வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை. அப்புறமா, மெதுவா.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகனைப் பார்க்கக் கூசியது. ஆனால் கோபம் போகவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்த கோபம், அன்றைக்குப் போக இடம் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பையனின் பெரியம்மாவும் பெரியப்பாவும். பெரியம்மா நெற்றி நிறைய விபூதி, பார்த்தவுடன் கும்பிடத் தோன்றுகிற முகம். பெரியப்பா லிப்ட் இல்லாத கட்டடம் என்று முனகிக்கொண்டே மூச்சு வாங்கினார். காப்பி கொடுத்தேன்.

"காப்பி அருமையா இருக்குதுங்க. நம்மூர்க் காப்பி இந்த ஊர்ல எங்கீங்க கெடைக்குது" என்றார் பெரியப்பா.

"இவருக்குக் காப்பி கெடைச்சாப் போதும். கேக்க வந்ததையே மறந்துருவாரு" என்று அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எதுத்தாப்ல இருக்கறவங்கள உங்களுக்கு ரொம்ப வருசமாப் பழக்கம்னாங்க. அந்தப் புள்ள எப்படிங்க? உங்க புள்ளையாட்டம் நெனைச்சுச் சொல்லுங்க."

என் கதவு திறந்திருந்தது. எதிர்க்கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் மகள் மேசையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, ஒரு எழுத்தும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாக்கில் எல்லாம் இருந்தது. கோர்ட்டு, மராத்திப் பையன், எட்டு மாதம். "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பிப்பதற்கு வசதியாக அந்த வாக்கியமும் இருந்தது. அதை அவள் காதுபடச் சொல்ல வேண்டும் என்று எத்தனை செவ்வாய்க்கிழமை ஆசைப்பட்டிருக்கிறேன்.

"உங்க புள்ளையாட்டம்" என்று அந்தம்மா சொன்னதுதான் இடறியது. என் பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?

"அந்தப் பிள்ளையப் பத்தி அந்தப் பிள்ளகிட்டயே கேளுங்க" என்றேன்.

"அதெப்படிங்க, பொண்ணுகிட்டயே போய்..."

"அவளுக்கு இருபத்தெட்டு வயசு. வாயிருக்கு, புத்தியிருக்கு. அவ வாழ்க்கையப் பத்தி அவளுக்குத் தெரியிறது எனக்கும் தெரியாது, அவ அம்மாவுக்கும் தெரியாது. கேட்டாச் சொல்லுவா."

பெரியம்மா கண்ணைச் சுருக்கினார். "அப்ப ஏதோ இருக்குதுங்களா?"

"எம்மகளப் பத்தி நாளைக்கு யாரு கேட்டு வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். அவகிட்ட கேளுங்கன்னு. எட்டு வருசத்துக்கு முன்னாடி எனக்கு இது தெரியல. தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்."

எதிர்க்கதவு முழுதாகத் திறந்தது. வந்தது அம்மா இல்லை, பெண். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாள் போலிருக்கிறது, காதில் மாட்டுகிறது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "வாங்க பெரியம்மா, நானே சொல்றேன்" என்றாள். அவர்களை அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்குள், பின்னால் அம்மா கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. பெண் கையை விடுவித்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. கால் மணி நேரம் கழித்துப் பெரியவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை பூ வைக்க யாரும் வரவில்லை.

நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, மகளின் வார்த்தையையும் காப்பாற்றினேன், எதிர்வீட்டுக்காரி மூடி வைத்ததும் திறந்துபோனது. நான் சொன்னது அந்தப் பெண்ணுக்காகவா, என் மகளுக்காகவா, இல்லை அவள் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை என்று உள்ளே எங்கேயோ தெரிந்துதானா? மகளிடம் கேட்டேன்.

"தெரியாதும்மா. அவராலயே பாக்க முடியாதுன்னு சொன்னேன்ல" என்றாள். பிறகு, "ஆனா நீ சொன்னது சட்டமாப் போடலாம். எல்லாருக்கும்" என்றாள். இத்தனை வருடத்தில் அவளிடம் எனக்குக் கிடைத்த ஒரே மார்க் அது.

மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்கு மனுக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். பெரியம்மா வரப்போவதில்லையாம். மண்டபம் இல்லை, மேளம் இல்லை. அவள் அம்மா ஊரைக் கூட்டி நடத்த நினைத்தது நடக்கவில்லை. ஆனால் கல்யாணம் நடக்கப்போகிறது. அதைக் கேட்டபோது விழுந்தது என் முகம்தான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "காப்பில சீனி கொறைஞ்சுட்டோ?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

பங்குனி உத்திரம் வந்தது. நேர்ச்சை இருக்கிறதே. அவள் தலை என் வாசலில் குனியணும் என்றுதான் கேட்டேன். குனிந்துவிட்டது. அதற்கு மேல் என்ன நடந்தாலும் முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். கேட்டது கெட்டதாகவே இருக்கட்டும், வாக்கு வாக்குதான். மஞ்சள் புடவை கட்டி, பால்குடத்தைத் தலையில் தூக்கினேன்.

கோயில் வாசலில் கூட்டம். எனக்கு முன்னால் நான்கு குடம் தள்ளி எதிர்வீட்டுக்காரி. அவளும் மஞ்சள் புடவை. அவள் குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணி காற்றில் அடித்தது. திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன நேர்ச்சைக்கா?" என்றாள். பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். தலையில் பால். சந்நிதி திறந்திருந்தது. எந்த ஜெர்மன்காரரும் இல்லாமலே அங்கே பொய் சொல்ல முடியாது.

"நீ எங்கிட்ட வந்து குனியணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

அவள் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"எம்மக கல்யாணம் ஒங்க வாயால கெட்டுரக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. இரண்டு குடத்துப் பாலும் ஒரே முருகன் தலையில்தான் ஊற்றினார்கள். யாருடையது முன்னால் போனது, யாருடையது பின்னால் போனது என்று நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். அவளுடையது முன்னால்.

இந்த நவராத்திரிக்கு அவளைக் கூப்பிடுவேன். வெற்றிலை வாங்கும்போது நுனி பார்த்துத்தான் வாங்க வேண்டும். நல்ல நுனியாகக் கொடுப்பேனா என்று இப்போதே சட்டம் போட முடியவில்லை. கிள்ள மாட்டேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.